நம்பி வந்தோரை நயந்து கெடுப்போர்

வீட்டை விட்டு வெளியூர் புறப்படுகிற ஒவ்வொரு மனிதனும், அதை உணர்ந்தாலும் உணராவிட்டாலும், முன்பின் பார்த்திராத பலருடைய நாணயத்தின் பொறுப்பில் தன் உயிரையும் உடைமையையும் ஒப்படைத்துவிட்டே புறப்படுகிறான். வண்டி ஓட்டுகிறவன் சொன்ன ஊருக்கே கொண்டு சேர்ப்பான், விடுதிக்காரன் கொடுக்கும் உணவில் விஷம் இராது, வழி கேட்டால் சொல்கிறவன் சரியான வழியைத்தான் சொல்வான் என்ற விசுவாசம் மனிதர்களுக்குள் இல்லாதிருந்தால், வணிகமும் யாத்திரையும் தேசாந்தரக் குடியேற்றமும் உலகத்தில் தோன்றியே இரா. இந்த விசுவாசத்தையே மூலதனமாக வைத்து, இன்சொல்லையும் உபசாரத்தையும் தோற்றப் பொலிவையும் கருவிகளாகக் கொண்டு, அந்நிய நாட்டில் தனித்து நிற்கும் பிரயாணிகளைக் கெடுத்த குற்றவாளிகளின் வரலாறு மிக நீண்டது. கத்தியைக் காட்டிப் பறிக்கிற வழிப்பறிக்காரனிடம் அகப்பட்டவன் பொருளை இழப்பான், உயிரையும் இழக்கக்கூடும். சிநேகிதனாக வந்தவனிடம் அகப்பட்டுப் பிழைத்தவனோ, பொருளோடு பிற மனிதர்களை நம்பும் சக்தியையும் இழந்துவிடுகிறான். இக்குற்றத்தைத் தனியே எடுத்து ஆராய வேண்டியதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

ஆக்லாந்து நகரின் துறைமுகப் பாலத்தைக் கடந்து வடகரையில் அமைந்துள்ள கிளென்ஃபீல்டில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இங்கே கடைத்தெருவில் கால்மணி நேரம் நின்றால் உலகத்தின் பாதி மொழிகள் காதில் விழும், தமிழும் விழும். 2023-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இந்தியர் இந்நாட்டின் மூன்றாவது பெரிய இனக்குழுவினராகிவிட்டனர். மாணவராகவும் தொழிலாளராகவும் சுற்றுலாப் பயணியாகவும் வந்திறங்குகிறவர் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே தங்க ஓர் அறையையும், பிழைக்க ஒரு வேலையையும், பேச ஒரு துணையையும் தேடுகிறார். நியூசிலாந்து அமைதியான தேசம் என்ற நற்பெயர் பெரும்பாலும் உண்மையானதே. ஆயினும் அந்த நற்பெயரே வந்தவரின் எச்சரிக்கையைச் சற்றுத் தளர்த்திவிடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. வசீகரமான குற்றவாளி எப்படி வேலை செய்கிறான், அவன் வலை ஏன் பலிக்கிறது, அதற்குப் பரிகாரம் என்ன என்ற மூன்று கேள்விகளைப் பழைய சான்றுகளிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்ப்போம்.

தமிழ் இலக்கியம் இந்தப் பிரச்சினையை நன்றாக அறிந்திருந்தது. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் ஆறலை கள்வர் உண்டு. ஆனால் அவர்கள் மறைந்திருந்து தாக்குகிறவர்களேயன்றிச் சிரித்துப் பேசி உடன் வருகிறவர்கள் அல்லர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வரும் முன்பின் அறியாத இரவலனுக்குச் செல்ல வேண்டிய வழியையும், வழியிலே கிடைக்கும் உணவையும், போய்ச் சேரும் இடத்தின் இயல்பையும் ஒளிக்காமல் எடுத்துச் சொல்கிறான். ஓர் அந்நியன் மற்றோர் அந்நியனுக்கு உண்மையான வழியைக் காட்டுவதே ஓர் இலக்கிய வகையாக வளர்ந்த மொழி நம்முடையது. பெரும்பாணாற்றுப்படையோ, தொண்டைமான் இளந்திரையனுடைய நாட்டில் வழிப்போக்கரைத் தாக்கிக் கைப்பொருளைக் கவரும் கொடியவர் இல்லை என்பதை அவனுடைய பெருமைகளுள் ஒன்றாகவே பேசுகிறது. பிரயாணியின் பாதுகாப்பு அரசின் கடமை என்ற கொள்கைக்கு இது மிகப் பழைய தமிழ்ச் சாட்சியம்.

நயந்து பேசிக் கெடுக்கிறவனைக் காண வேண்டுமானால் சிலப்பதிகாரத்துக்குப் போக வேண்டும். புகாரிலிருந்து நடந்து வந்த கோவலன், மதுரையில் யாரையும் அறியாதவன், ஒற்றைச் சிலம்பை விற்பதற்காகக் கடைவீதிக்கு வருகிறான்; அரண்மனைப் பொற்கொல்லனைக் காண்கிறான்; அவனுடைய பரிவாரத்தையும் பதவியையும் பார்த்து, இவனே தக்கவன் என்று தீர்மானிக்கிறான். பொற்கொல்லன் பணிவாகப் பேசுகிறான். தன் குடிலின் பக்கத்தில் இருக்கச் சொல்கிறான். மன்னனிடம் சொல்லி வருவதாகப் போகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே என்பதும், திருட்டுப் பழியைச் சுமத்த ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தான் என்பதும் கோவலனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அதே மதுரையில், அதற்கு முந்தைய நாள், கோவலனும் அவன் மனைவி கண்ணகியும் இன்னோர் அந்நியரையும் நம்பினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவள் ஆயர்குலத்து மாதரி. அவளுடைய வீடு கண்ணகிக்குப் பத்திரமான புகலிடமாகவே இருந்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது? அவர்களை மாதரியிடம் ஒப்படைத்தவர் உடன் வந்த துறவி கவுந்தியடிகள். இரு தரப்பையும் அறிந்த ஒருவரின் பொறுப்பு அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நின்றது. பொற்கொல்லனுக்கோ அவனுடைய ஆடம்பரத்தைத் தவிர வேறு பிணை இல்லை; அவனைச் சந்தித்தபோது கோவலன் தனியாகவும் இருந்தான். பிணையுள்ள நம்பிக்கை, பிணையற்ற நம்பிக்கை என்ற இந்த வேறுபாடு நம் விசாரணை முழுவதற்கும் அச்சாணியாக இருக்கும்.

சரித்திர காலத்துக்கு வந்தால், வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் தக்கர்களைப் பற்றி அறியாதவர் இலர். 1830-களில் கர்னல் ஸ்லீமன் நடத்திய நடவடிக்கைகள் பெரும்பாலும் மத்திய, வட இந்தியாவைச் சார்ந்தவை. ஆனால் அதற்கு முன்பே, 1816-இல், சென்னை இராஜதானியில் சுருக்கிட்டுக் கொல்லும் கூட்டத்தாரைப் பற்றி மருத்துவர் ஷெர்வுட் எழுதிய கட்டுரை சென்னையிலேயே வெளியாயிற்று. சித்தூர் முதலிய தென்னாட்டுப் பகுதிகளிலும் அவர்கள் நடமாடினார்கள். அவர்களை ஒரே ரகசியச் சமயக் கூட்டமாகச் சித்திரித்தது காலனி அதிகாரிகளின் மிகைப்படுத்தல் என்று கிம் வாக்னர் போன்ற பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்கள். வேலையிழந்த சிப்பாய்களும் வறுமைப்பட்டவர்களும் அவர்களுள் பலர் என்பதும் ஏற்கத்தக்கதே. ஆயினும் முறை என்னவென்பதில் ஐயம் குறைவு. வணிகராகவோ சிப்பாய்களாகவோ வேடமிட்டு வழிப்போக்கரோடு சேர்வார்கள். முன்னாலுள்ள பாதையில் கள்வர் பயம் உண்டு, கூட்டமாகப் போவதே நலம் என்று அவர்களே எச்சரிப்பார்கள். பல நாள் உடன் உண்டு, உடன் உறங்கி, சந்தேகம் முற்றும் அகன்ற பின்பே கை வைப்பார்கள். விடுமுறையில் ஊர் செல்லும் சிப்பாய்கள் ரொக்கமாகப் பணம் கொண்டுபோகாமல் உண்டியலாக அனுப்ப வேண்டும், வழியில் அந்நியரோடு சேரக்கூடாது என்று 1810-ஆம் ஆண்டிலேயே கம்பெனிப் படையின் தளபதி ஒருவர் உத்தரவிட நேர்ந்தது. பயத்தை உண்டாக்குகிறவனே பாதுகாவலனாகவும் வருகிறான் என்பது இவ்வரலாறு நமக்குத் தரும் முதல் பாடம்.

இந்தப் பாடத்தை இருபதாம் நூற்றாண்டில் மிகக் கொடிய முறையில் மெய்ப்பித்தவர் சார்லஸ் சோப்ராஜ். 1944-இல் சைகோன் நகரில், இந்தியத் தந்தைக்கும் வியத்நாமியத் தாய்க்கும் பிறந்து, பின்பு பிரான்சில் வளர்ந்து, இளமையிலேயே அங்கே சிறை சென்றவர். 1971-இல் தில்லி அசோகா ஹோட்டலில் நடந்த நகைக் கொள்ளையின் தொடர்பாக அகப்பட்டு, நோயென்று பாசாங்கு செய்து மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்து தப்பியவர். 1975-ஆம் ஆண்டில் பாங்காக்கின் கனிட் ஹவுஸ் என்ற குடியிருப்பில், அலேன் கோத்தியே என்ற பெயரோடு இரத்தின வியாபாரியாக வாழ்ந்தார். ஐரோப்பாவிலிருந்து இஸ்தான்புல், காபூல், தில்லி, காத்மாண்டு வழியாகக் கிழக்கே வந்துகொண்டிருந்த இளைஞர் கூட்டத்தின் பாதை அது. கையில் கொஞ்சம் பணமும் பிரயாணிக் காசோலைகளும் கடவுச்சீட்டும் மட்டுமே உடையவர்கள்; வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேரப் பல நாளாகும்; எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் திட்டமாகச் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பல மொழி பேசும், நாகரிகமான, தாராளமாக விருந்தளிக்கும் ஒரு மனிதர் கிடைத்தால் அது பாக்கியமாகவே தோன்றும்.

அவருடைய முறையின் சாரம் உபகாரம். வயிற்றுப்போக்கு அந்தப் பாதையில் எல்லோரையும் வருத்திய நோய். சோப்ராஜ் மருந்தென்று கொடுத்ததே நோயை உண்டாக்கியது. நோயுற்றவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். நோய் மட்டும் தீரவில்லை. நோயாளியோ நன்றிக்கடனால் கட்டுண்டு அங்கேயே கிடந்து அவருக்கு ஊழியம் செய்தார். பிரெஞ்சு இளைஞர் ஒருவர் இவ்வாறே அங்கு பல வாரம் தங்கினார். காணாமற்போன கடவுச்சீட்டைத் தேடி அலைந்த வேறு இரு பிரெஞ்சுக்காரருக்கு அவற்றை மீட்டுக் கொடுத்த புண்ணியவானும் சோப்ராஜ்தான், களவாடியவரும் அவர்தான். தாய்லாந்தில் அமெரிக்கப் பெண் தெரசா நோல்டன், துருக்கியரான விட்டாலி ஹக்கீம், பிரெஞ்சுப் பெண் ஷார்மேன் காரு, டச்சு இளைஞர் ஹெங்க் பின்டான்யா, அவருடைய துணைவி கோர்னேலியா ஹெம்கர் ஆகியோருடைய சாவுக்கு அவரே காரணம் என்று விசாரணைகள் சுட்டிக்காட்டின. அந்த டச்சு இருவரின் கடவுச்சீட்டுக்களிலேயே சோப்ராஜும் அவருடைய கனடியத் துணைவியும் 1975 டிசம்பரில் நேபாளத்துக்குள் நுழைந்தனர். அங்கே கோனி ஜோ பிரான்ஸிக் என்ற அமெரிக்கப் பெண்ணும் லோரான் கரியேர் என்ற கனடியரும் கொல்லப்பட்டனர். பாங்காக்கில் இருந்த மூன்று பிரெஞ்சுக்காரரும், சோப்ராஜ் ஊரில் இல்லாத சமயத்தில் அலமாரியில் வேற்றாருடைய கடவுச்சீட்டுக்களைக் கண்டு, உயிர் தப்பிப் பாரிஸுக்கு ஓடினார்கள்.

அவர் வீழ்ந்த விதமும் நம் விசாரணைக்கு மிக முக்கியமானது. 1976 ஜூலையில் தில்லி விக்ரம் ஹோட்டலில் ஒரு பிரெஞ்சு மாணவர் சுற்றுலாக் குழுவுக்கு வழிகாட்டியாக அமர்ந்து, நோய்த்தடுப்பு மாத்திரை என்று சொல்லி மயக்க மருந்தைக் கொடுத்தார். தனி மனிதரிடமும் தம்பதிகளிடமும் தவறாது பலித்த தந்திரம் இங்கே பலிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பலர் கண்முன்னே மயங்கி விழுந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள், மாணவர் சிலர் அவரைப் பிடித்து அமுக்கிப் போலீஸாரிடம் ஒப்படைத்தார்கள். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடியிருந்த இடத்தில் அவருடைய வசீகரம் சில நிமிஷங்கள்கூடத் தாங்கவில்லை. திஹார் சிறையிலும் உபகாரமே அவருடைய ஆயுதமாக இருந்தது: 1986 மார்ச் 16-ஆம் தேதி, பிறந்த நாளென்று சொல்லிக் காவலருக்கு மயக்க மருந்து கலந்த இனிப்புகளை வழங்கி வெளியேறினார். மூன்று வாரத்தில் கோவாவில் ஓர் உணவகத்தில், முன்னரே ஒருமுறை அவரைப் பிடித்த மும்பை இன்ஸ்பெக்டர் மதுகர் ஜெண்டே மீண்டும் அவரைக் கைது செய்தார். தப்பிய குற்றத்துக்காகக் கூடிய தண்டனைக்காலத்தில் தாய்லாந்துப் பிடிவாரண்டின் இருபது வருஷக் கெடு கழிந்துபோயிற்று; 1997-இல் விடுதலையாகிப் பாரிஸ் சென்றார். 2003-இல் தாமாகவே காத்மாண்டு சென்று, அங்கே ஒரு சூதாட்ட விடுதியில் கைதாகி, 2004-இல் கோனி ஜோ பிரான்ஸிக் கொலைக்காக ஆயுள் தண்டனையும், 2014-இல் லோரான் கரியேர் கொலைக்காக மற்றொரு தண்டனையும் பெற்றார். முதுமையையும் உடல்நிலையையும் முன்னிட்டு நேபாள உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் அவரை விடுவித்தது.

இந்தச் சரித்திரத்தில் போற்றத்தக்க மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் பாங்காக் டச்சுத் தூதரகத்தில் இளநிலை அதிகாரியாக இருந்த ஹெர்மன் நிப்பன்பெர்க். பின்டான்யாவும் ஹெம்கரும் வீட்டுக்கு ஒழுங்காகக் கடிதம் எழுதும் வழக்கமுடையவர்கள், கடிதங்கள் நின்றன, உறவினர் விசாரித்து எழுதிய கடிதம் 1976 பிப்ரவரியில் அவர் மேஜைக்கு வந்தது. எத்தனையோ தூதரகங்களில் எத்தனையோ அதிகாரிகள், ஊர் சுற்றும் இளைஞர்கள் கடிதம் எழுத மறப்பது சகஜம் என்று கோப்பை மூடியிருப்பார்கள். இவர் மூடவில்லை. வேறு ஒரு ஆஸ்திரேலிய ஜோடியுடையவை என்று கருதப்பட்ட எரிந்த உடல்களைப் பல் மருத்துவக் குறிப்புகளைக் கொண்டு அடையாளம் காண வைத்தார்; கனிட் ஹவுஸில் குடியிருந்த அண்டை வீட்டாரின் சாட்சியத்தைத் திரட்டினார்; தாய்லாந்துப் போலீஸார் சோப்ராஜை அழைத்து விசாரித்துவிட்டு வெளியே விட்ட பின்பும், மேலதிகாரிகளுக்கு இது பிடிக்காதபோதும், சேகரித்த ஆவணங்களைப் பத்திரப்படுத்தினார். பிற்காலத்தில் அவர் குடியேறியது நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனில். 2003-இல் சோப்ராஜ் காத்மாண்டுவில் அகப்பட்ட செய்தி வந்தபோது, கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பெட்டிகளில் காத்து வைத்திருந்த அந்தக் காகிதங்களைப் புலனாய்வாளர்களுக்கு உதவும்படி எடுத்துக் கொடுத்தார். ஒரு கடிதம் நின்றுபோனதைப் பொருட்படுத்திய குடும்பமும், அந்தக் குடும்பத்தின் கவலையைப் பொருட்படுத்திய ஓர் அதிகாரியுமே இந்த வழக்கின் ஆதாரம்.

அந்த டச்சுக் குடும்பத்தைக் கவலைகொள்ள வைத்தது கடிதத்தின் மௌனம். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், கிளென்ஃபீல்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் சேரும் ஆக்லாந்து நகர மையத்தில், அதைப் போன்ற இன்னொரு மௌனம் ஒரு குற்றத்தை வெளிப்படுத்தியது. 2018 டிசம்பர் முதல் தேதி இரவு, உலகம் சுற்ற வந்திருந்த கிரேஸ் மிலேன் என்ற ஆங்கிலேய இளம்பெண், கைப்பேசிச் செயலி மூலம் அறிமுகமான ஒருவனைச் சந்தித்தார். அவனுடைய விடுதி அறையில் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய இருபத்திரண்டாவது பிறந்த நாள். வாழ்த்துக்களுக்குப் பதில் வராததைக் கண்ட குடும்பத்தார் கலங்கிப் போலீஸாரை அணுகினர். சில நாட்களுக்குள் குற்றவாளி கைதானான். டிசம்பர் 9-ஆம் தேதி வைட்டாகெரே மலைத்தொடரில் உடல் கண்டெடுக்கப்பட்டது. அப்போதைய நியூசிலாந்துப் பிரதமர் ஜசிண்டா ஆர்டர்ன், அப்பெண் இந்நாட்டில் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும், அவ்வாறு இல்லாமற்போயிற்று என்று சொல்லித் தேசத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2019 நவம்பரில் கொலைகாரன் ஜெஸி கெம்ப்சன் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2020 பிப்ரவரியில் குறைந்தது பதினேழு ஆண்டு சிறையோடு ஆயுள் தண்டனை பெற்றான். அதே 2018-இல், இக்கொலைக்குச் சில மாதங்களுக்கு முன்பு, வேறோர் ஆங்கிலேயப் பெண் பயணியை அவன் பலாத்காரம் செய்தான் என்பது பின்னர் நடந்த வழக்கில் நிரூபணமாயிற்று.

இவ்வழக்கில் வேதனைக்குரிய மற்றொன்றும் உண்டு. விசாரணை நாட்களில் இறந்த பெண்ணின் நடத்தையும் விருப்பங்களும் நீதிமன்றத்தில் அலசப்பட்டன. வெளியேயும், தனியாக ஏன் போனாள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இக்கேள்வியை நாம் உறுதியாக மறுக்க வேண்டும். ஜனசந்தடி மிக்க நகரத்தின் நடுவில், கண்காணிப்புக் காமிராக்கள் நிறைந்த தெருக்களில், தன் வயதொத்த ஒருவரைச் சந்தித்துப் பேசுவது எந்த நியாயத்தாலும் குற்றமாகாது. மனிதரை நம்பியவரிடம் குற்றம் காண்கிற சமூகம், நம்பிக்கையைக் கொன்றவனுக்குத் தன்னையறியாமல் துணை போகிறது. மேலும் பாதிக்கப்பட்டுப் பிழைத்தவர்கள் வெட்கத்தால் வாய்திறவாமல் இருப்பதும், அடுத்தவரை எச்சரிக்க முடியாமல் போவதும் இந்தக் கேள்வியின் விளைவே.

இதுவரை பார்த்தவை அந்நியர் அந்நியரைக் கெடுத்த வழக்குகள். நம்மவரே நம்மவரைக் கெடுப்பது இதனினும் பரவலானது. ஆனால் இதனினும் குறைவாகப் பேசப்படுவது. நியூசிலாந்தில் மனிதக் கடத்தலுக்காக முதன்முதலில் தண்டனை பெற்றவர் ஃபரோஸ் அலி. 2016-இல் ஆக்லாந்து உயர்நீதிமன்றம் அவருக்கு ஒன்பதரை ஆண்டுச் சிறை விதித்தது. பிஜித் தீவினரிடம் நல்ல கூலி கிடைக்கும் என்று விளம்பரம் செய்து, கட்டணம் வாங்கி அழைத்துவந்து, கூலியின்றி வேலை வாங்கிய வழக்கு அது. 2020-இல் சமோவத் தலைவர் பட்டம் தாங்கிய ஜோசஃப் மட்டமாட்டா என்பவர், பல ஆண்டுகளாகத் தம் சொந்தத் தீவினரையே அழைத்துவந்து அடிமைகளாக நடத்திய குற்றத்துக்காகப் பதினோராண்டுச் சிறை பெற்றார். குலப் பெருமையும் பட்டமும்தான் அவர் அளித்த பிணை. 2023 ஆகஸ்டில் ஆக்லாந்தின் சில வீடுகளில், ஏஜெண்டுகளுக்குப் பெருந்தொகை கொடுத்து விசா பெற்று வந்த இந்திய, வங்காளதேசத் தொழிலாளர் நூற்றுக்கும் மேற்பட்டோர், வாக்களித்த வேலையும் இல்லாமல் நெருக்கடியில் கிடந்தது வெளியாயிற்று. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்ற ஆசைவார்த்தையை நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இத்தகைய முகாம்களில் நிர்ப்பந்தமாக வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023-இல் கணித்தது. ஏமாற்றப்பட்டவர்களே பிறகு பிறரை இனிக்கப் பேசி ஏமாற்றும்படி அங்கே வதைக்கப்படுகிறார்கள். வசீகரமும் ஒரு தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது.

காலமும் தேசமும் வேறுபட்ட இத்தனை வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே வரிசையில் நான்கு படிகள் தெரிகின்றன. முதலாவது, பிரயாணியின் ஒரு தேவையைக் குற்றவாளி கண்டுகொள்கிறான், அல்லது தானே உண்டாக்குகிறான்: நோய், பயம், தொலைந்த கடவுச்சீட்டு, வேலையின்மை, தனிமை. இரண்டாவது, அத்தேவையைத் தானே நிறைவேற்றி நன்றிக்கடனை விளைவிக்கிறான். உபகாரம் செய்தவனைச் சந்தேகிப்பது பண்பல்ல என்ற நம்முடைய நல்லியல்பே அவனுக்குக் காவலாகிறது. மூன்றாவது, மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறான்: கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறான், இந்த ஊரில் வேறு யாரையும் நம்பாதே என்கிறான், அதிகாரிகளிடம் போனால் நாடு கடத்திவிடுவார்கள் என்று அச்சுறுத்துகிறான். நான்காவது, எல்லாம் முடிந்தபின் வெட்கம் என்ற பூட்டைப் போட்டுவிடுகிறான். நான்கிலும் மிகவும் தீர்மானமானது மூன்றாவது படி. மற்ற கயிறுகளையெல்லாம் அறுத்துவிட்டுத் தான் பிடித்திருக்கும் ஒரே கயிற்றில் ஆளைக் கிணற்றுக்குள் இறக்குகிறவனை ஒப்பான் அவன். அந்தக் கயிறு எத்தனை அழகாக முறுக்கப்பட்டிருந்தாலும், அது ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் அபாயம்.

ஆகவே, யாரையும் நம்பாதே என்ற உபதேசம் பரிகாரமாகாது என்பது என் திடமான கருத்து. அந்த உபதேசம் பிரயாணியை இன்னும் தனியனாக்குகிறது. தனியனே குற்றவாளி தேடும் இரை. பலரை அளவாக நம்புகிறவனைக் கெடுப்பது கடினம். ஒருவனை முழுவதும் நம்ப நேர்ந்தவனைக் கெடுப்பது எளிது. கோவலனோடு மாதரியின் வீட்டார் ஒருவரேனும் கடைவீதிக்குச் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விக்ரம் ஹோட்டலின் மாணவர்கள் பிழைத்தது அவர்கள் அதிக சந்தேகப் பிராணிகளாக இருந்ததால் அன்று. மாத்திரையை அவர்களும் நம்பித்தான் வாங்கினார்கள். ஒருவர் விழுவதைக் காண மற்றொருவர் இருந்தார் என்பதே அவர்களைக் காத்தது.

இக்குற்றவாளிகளுக்குக் கிடைக்கும் பிரசித்தியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. சோப்ராஜைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன, திரைப்படங்களும் தொடர்களும் வந்தன. அவர் பிடிபட்ட கோவா உணவகத்தில் அவருக்கு உருவச்சிலையே வைக்கப்பட்டது. அவருடைய புத்திசாலித்தனம், தப்பிய சாகசங்கள், பெண்களைக் கவர்ந்த தோற்றம் ஆகியவற்றை விரித்துரைக்கிற எழுத்து, அவர் உயிரோடிருந்தவர்களிடம் பிரயோகித்த அதே மயக்கத்தை வாசகரிடமும் பிரயோகிக்கிறது. நோல்டன் பௌத்தத் துறவை நாடி வந்தவர் என்பதும், பின்டான்யாவும் ஹெம்கரும் வீட்டை மறவாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இதற்கு மாறாக, கிரேஸ் மிலேனின் குடும்பத்தார், வன்முறைக்கு இரையான பெண்களுக்கு வேண்டிய பொருள்களைக் கைப்பைகளில் நிறைத்து வழங்கும் தர்மத்தை அவர் பெயரால் நடத்தினார்கள். கொலைகாரனுடைய பெயரைக் காட்டிலும் இறந்தவருடைய பெயர் நன்மையோடு வழங்குவதே முறை.

இனி நடைமுறைக்கு வருவோம். புறப்படுகிறவர் செய்ய வேண்டியவை சிலவே: எங்கே, யாரோடு, எதுவரை என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவைத்தல், கடவுச்சீட்டை எவர் கையிலும் ஒப்படையாமை, தேடி வந்த உபகாரத்தை ஏற்குமுன் அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல். சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தில் வேலை தருவதற்காகப் பணம் கேட்பது சட்டவிரோதம். வீட்டு வாடகைக்கான பொதுப் பிணைத்தொகை நான்கு வார வாடகைக்கு மேற்படக்கூடாது என்பதும், வீட்டுக்காரர் அதைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் அரசு அலுவலகத்தில் செலுத்த வேண்டும் என்பதும் விதி. முதலாளியால் சுரண்டப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர் அவரை விட்டு விலகி வேறு வேலை தேடுவதற்கென்றே 2021 முதல் தனி விசா ஒன்று வழங்கப்படுகிறது. புகார் சொன்னால் நாடு கடத்துவார்கள் என்று அச்சுறுத்துகிறவன் பிடித்திருக்கும் கயிற்றின் முடிச்சு இத்தகைய அறிவினால்தான் அவிழும்.

அரசாங்கங்களும் தூதரகங்களும் காவல்துறையும் ஒன்றை மட்டும் மனத்தில் பதித்தால் போதும்: ஒருவரிடமிருந்து செய்தி நின்றுவிட்டது என்று குடும்பம் சொன்னால், அதை அற்பமென்று தள்ளலாகாது. நிப்பன்பெர்க் செய்ததற்கு விசேஷ அதிகாரம் தேவைப்படவில்லை. ஒரு கடிதத்தை முழுக் கவனத்தோடு படிக்கும் கடமையுணர்ச்சி தேவைப்பட்டது.

முன்னரே வந்து வேரூன்றியவர்களாகிய நமக்கோ கடமை இன்னும் அதிகம். கிளென்ஃபீல்டுக்குப் புதிதாக வரும் மாணவனோ தொழிலாளியோ, நம் கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் மளிகைக் கடையிலும் முதல் வாரத்திலேயே நான்கைந்து பேரை அறியும்படி செய்வது நம் கையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஒருவர், வேலை கொடுப்பவர் உண்மையானவரா என்று விசாரிக்க ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைக்க ஒரு குடும்பம் என்று அமைந்துவிட்டால், இனிக்கப் பேசி வரும் வஞ்சகனுக்கு அங்கே இடமில்லை. நம்மில் ஒருவரே சுரண்டுகிறார் என்று தெரிந்தால், இனத்தின் மானம் போய்விடும் என்று மூடி மறைக்காமல் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் அந்தக் கடமையைச் சேர்ந்ததே. இனத்தின் மானம் கெடுவது மறைப்பதனால்தான். ஏமாந்தவர் வந்து சொன்னால், ஏன் நம்பினாய் என்று கேட்காமல், நல்லவேளை சொன்னாய் என்று ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். ஆற்றுப்படை பாடிய மொழிக்கு உரியவர்கள் நாம். வந்தவருக்குக் கவுந்தியடிகளைப் போலப் பிணையாக நிற்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால், பொற்கொல்லருக்கு அங்கே தொழில் நடவாது.